புதுப் பம்ப் வாங்கும் முன் பத்து நிமிடச் சோதனை

கேள்வி: 16 லிட்டர் பேட்டரி தெளிப்பான் வைத்திருக்கிறோம். முதல் டேங்க் நன்றாக அடிக்கிறது. இரண்டாவது டேங்கில் விட்டு விட்டு வருகிறது. போன பருவத்தில்தான் புதுப் பம்ப் மாற்றினோம். மறுபடியும் அதே தொல்லை. வேறு கம்பெனி பம்ப் போடலாமா, தெளிப்பானையே மாற்றிவிடலாமா?

- கத்தரி, மிளகாய் பயிரிடும் வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: முதல் டேங்க் நன்றாக அடித்து, அடுத்த டேங்கில் தடுமாறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியையும் வடிகட்டியையும்தான். அவற்றைப் பார்க்காமல் பம்ப்பை மட்டும் மாற்றினால், புதுப் பம்ப்பும் அதே பாடுதான் படும்.

பேட்டரி தெளிப்பானில் இருப்பது 12 வோல்ட்டில் ஓடும் சிறிய டயாபிரம் பம்ப். மோட்டார் சுழலும்போது உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு முன்னும் பின்னும் அசைந்து தண்ணீரை இழுத்துத் தள்ளுகிறது. கேரவன் வண்டிகளிலும் படகுகளிலும் குழாய்த் தண்ணீருக்குப் பொருத்துவது இதே வகைப் பம்ப்தான். ஆனால் அங்கே அதன் வழியாக ஓடுவது சுத்தமான தண்ணீர். நம் வயலில் நனையும் தூள், வேப்பங்கொட்டைக் கரைசல், பஞ்சகவ்யா என எல்லாமே அதே சிறிய வால்வுகளைத் தாண்டித்தான் வர வேண்டும். ஆகவே வடிகட்டுவதும் கழுவுவதும் இங்கே பல மடங்கு முக்கியம்.

பம்ப் தளர்ந்தால் மருந்தளவு மாறும்

இது வெறும் கருவிக் கோளாறு அல்ல. நல்ல நிலையில் நிமிடத்துக்கு 800 மி.லி. தெளித்த நாசில், பம்ப் தளர்ந்ததால் 500 மி.லி. மட்டுமே தெளிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆள் அதே வேகத்தில் நடந்தால், ஏக்கருக்கு 200 லிட்டர் விழ வேண்டிய இடத்தில் 125 லிட்டர்தான் விழும். லிட்டருக்கு 2 மி.லி. வீதம் கலந்திருந்தால் 400 மி.லி. மருந்துக்குப் பதில் 250 மி.லி. மட்டுமே பயிருக்குப் போயிருக்கும். பன்னிரண்டரை டேங்க் பிடிக்கிற ஏக்கர் எட்டு டேங்கில் முடிந்துவிட்டால், மருந்து மிச்சம் என்று மகிழக் கூடாது. பூச்சி முழுமையாகச் சாகாது. தப்பியவற்றின் வழியே மருந்துக்கு எதிர்ப்புத்திறன் வளரும். சரியாக விழவில்லை என்று அதே சாலில் இரண்டு முறை அடித்தால், அந்த இடத்தில் மருந்து கூடி, காயில் நஞ்சு எச்சம் தங்கும்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க

முதலில் டேங்கைக் கழுவி, கையுறை போட்டு, நல்ல தண்ணீர் ஊற்றிச் சோதிக்கவும். எதைக் கழற்றுவதானாலும் சுவிட்சை அணைத்து, கைப்பிடி விசையை அழுத்திக் குழாயில் நிற்கும் அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே கழற்ற வேண்டும்.

1. நாசில்: நாசிலைக் கழற்றிவிட்டு ஓட்டவும். தண்ணீர் பலமாக வந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது. அடைப்பு நாசிலில் அல்லது அதை ஒட்டிய சல்லடையில். பல தெளிப்பான்களில் கைப்பிடிக்குள்ளேயும் ஒரு சல்லடை உண்டு. பலர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை. நாசிலை ஒருபோதும் வாயால் ஊதக் கூடாது. பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

2. மூடி: ஓட்டத்தில் தண்ணீர் குறையும்போது டேங்க் மூடியைத் தளர்த்திப் பார்க்கவும். உடனே சரியானால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

3. உறிஞ்சும் பக்கம்: டேங்கின் அடியில் உள்ள வடிகட்டியைக் கழுவவும். வெளியே வரும் தண்ணீரில் காற்றுக் குமிழ் தொடர்ந்து வந்தால், பம்ப்புக்குப் போகும் குழாயில் விரிசல், தளர்ந்த கிளாம்ப் அல்லது தேய்ந்த வாஷர் இருக்கும்.

4. பேட்டரி: ஈய-அமில பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா வைத்து மல்டிமீட்டரில் பார்த்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். பம்ப் ஓடும்போது 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது. லித்தியம் பேட்டரிக்கு இந்த அளவுகள் பொருந்தாது.

5. வயரும் சுவிட்சும்: பம்ப்பின் இரண்டு வயர்களையும் நல்ல பேட்டரியில் நேரடியாக, சிவப்பு நேர் முனையிலும் கறுப்பு எதிர் முனையிலும் தொட்டுப் பார்க்கவும். அப்போது பலமாக ஓடினால் கோளாறு சுவிட்சில், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகில் அல்லது பச்சை பூத்த வயர் முனையில் இருக்கிறது.

6. பிரஷர் சுவிட்ச்: கைப்பிடியை விட்டதும் பம்ப் தானாக நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் பிரஷர் சுவிட்ச் பழுதாகியிருக்கலாம். பேட்டரி தளர்ந்து அழுத்தம் ஏறாமலும் இருக்கலாம். நின்ற பிறகு அவ்வப்போது தானே ஓடி ஓடி நின்றால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

இந்த ஆறும் சரியாக இருந்தும் தண்ணீர் பலமில்லாமல் வந்தால் மட்டும் பம்ப்பைக் குறை சொல்லலாம். வால்வில் தூள் படிந்திருந்தால் தலைப்பகுதியைத் திறந்து கழுவினாலே சரியாகும். தலைப்பகுதிக்கும் மோட்டாருக்கும் நடுவே சொட்டினால் சவ்வு கிழிந்திருக்கிறது. அப்படிக் கசிந்த மருந்துத் தண்ணீர் மோட்டாருக்குள் போய்விட்டால் முழுப் பம்ப்பையும் மாற்றுவதே சிக்கனம்.

பம்ப் மாற்றும்போது

பழைய பம்ப்பைக் கடைக்கு எடுத்துச் செல்வது நல்லது. முன்பே மூன்று முறை கழுவி, தனிப் பையில் கட்டிக்கொள்ளவும். அதன் லேபிளில் உள்ள வோல்ட், ஆம்பியர், அழுத்தம், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆகிய நான்கையும், குழாய் அளவையும் திருகுத் துளைகளின் இடைவெளியையும் ஒப்பிட வேண்டும். கம்பெனிப் பெயரை விட இவை பொருந்துவதுதான் முக்கியம். பெரிய பம்ப் நல்லது என்று நினைத்து வாங்கக் கூடாது. 8 ஆம்பியர்-மணி பேட்டரியில் 2 ஆம்பியர் இழுக்கும் பம்ப் கணக்குப்படி 4 மணி நேரம் ஓடும். 4 ஆம்பியர் இழுத்தால் 2 மணி நேரம். நடைமுறையில் இதைவிடவும் குறையும்.

பொருத்தும்போது பம்ப்பில் உள்ள அம்புக்குறிப்படி உள்வழியும் வெளிவழியும் அமைய வேண்டும். பிளாஸ்டிக் மரையை அதிகம் இறுக்கினால் விரியும். குழாய் மடங்காமல் இருக்கட்டும். உள்வழியில் புது வடிகட்டி போடாமல் புதுப் பம்ப்பை ஓட்டவே வேண்டாம். கைப்பிடியைத் திறந்து வைத்து, காற்று முழுவதும் வெளியேறும் வரை நல்ல தண்ணீரில் ஓட்டிய பிறகே மருந்து ஊற்ற வேண்டும்.

பிறகு நாசிலை அளவு ஜாடிக்குள் பிடித்து, ஒரு நிமிடத்தில் எத்தனை மி.லி. விழுகிறது என்று அளந்து டேங்க் மீதே பெயிண்டில் எழுதி வைக்கவும். ஒவ்வொரு தெளிப்புக்கு முன்பும் ஒரு நிமிடம் அளந்தால், பம்ப் தளர்வது பயிருக்குத் தெரியும் முன்பே நமக்குத் தெரிந்துவிடும். அதே பம்ப், அதே அழுத்தத்தில் அளவு குறையாமல் 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் நாசில் துளை தேய்ந்திருக்கிறது; நாசிலை மாற்ற வேண்டும்.

புதுப் பம்ப் நீடிக்க

தூள் மருந்தைத் தனி வாளியில் குழைத்துக் கரைத்து, துணியில் வடிகட்டி ஊற்றவும். பஞ்சகவ்யா, மீன் அமிலத்துக்கும் இதே விதி. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் மூன்று முறை பம்ப்பை ஓட்டிக் கழுவவும். அந்தத் தண்ணீர் கிணறு, வாய்க்கால் பக்கம் போகக் கூடாது. களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வேண்டும். 2,4-டி அடித்த தெளிப்பானில் மிச்சம் நிற்கும் கொஞ்சம் மருந்தே தக்காளி, கத்தரி, பருத்தியைச் சுருட்டிவிடும். பேட்டரியைத் தெளித்த அன்றே சார்ஜ் செய்ய வேண்டும். வேலை இல்லாத மாதங்களிலும் மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றவும்.

கேள்வி கேட்ட வாசகர் இப்போதைக்குப் பம்ப்பும் வாங்க வேண்டாம், தெளிப்பானும் மாற்ற வேண்டாம். இரண்டாவது டேங்க் தடுமாறும் அந்த நேரத்திலேயே, பம்ப் ஓடும்போது பேட்டரியின் வோல்ட்டை அளக்கவும். 10.5-க்குக் கீழே இருந்தால் பேட்டரியை மாற்றவும். அதற்கு மேல் இருந்தால் அடி வடிகட்டியைத் திறந்து பார்க்கவும்.