காளான் குடிலும் கத்திரி வெயிலும்

கத்திரி வெயில் தொடங்கினா போதும், சிப்பிக்காளான் குடில் வச்சிருக்கிறவங்க கையில் தெளிப்பானோடு சுத்த ஆரம்பிச்சிடுவாங்க. சூடா இருக்கா? தண்ணி அடி. இன்னும் சூடா? இன்னும் அடி. (பச்சைத் தண்ணிதாங்க :-))

இது பாதி ஊர்ல வேலைக்கே ஆகாதுங்கறது என் கட்சி. தண்ணி ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி. ஆவியாகணும்னா காத்து வறண்டிருக்கணும். மதுரைப் பக்கம் தரையில மணல் பரப்பி நனைச்சு, ஈரச்சாக்கு தொங்கவிட்டா மதியத்துல சில டிகிரி இறங்கும். சென்னையில கடல்காத்தே ஈரத்தோடதான் வருது. அங்க சாக்கு சும்மா பேருக்குத் தொங்கும். மேல மேல தெளிச்சா காளான்ல தண்ணி நின்னு, பாக்டீரியா வந்து மஞ்சளா அழுகும். ஈரம் போயிடும்னு ஜன்னலையும் சாத்தினா கரியமில வாயு சேர்ந்து காம்பு நீளும், குடை சிறுக்கும்.

ஏசி? வணிகவியல் படிக்கிறவன் புத்தி, முதல்ல கரண்ட் பில்லைத்தான் பார்க்கும். சின்னக் குடிலோட லாபத்தை மீட்டரே தின்னுடும்.

சிப்பிக்கு 20 முதல் 30 டிகிரி வேணும். அதுக்கு மே மாசம் லீவு விட்டுட்டு பால்காளான் போடுங்களேன். அதுக்குப் பிடிச்சதே 30 முதல் 35 டிகிரி. அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்துல வந்த ஏபிகே 2 ரகம் இருக்கு. மேல்மண் போடணும், கூடுதலா சில நாள் காத்திருக்கணும், வாஸ்தவம்தான். ஆனா பறிச்சா சிப்பி மாதிரி மறுநாளே வாடாது. மே மாசம் பறிக்கணும்னா மார்ச் கடைசியிலயே படுக்கை போட்டாகணும், அதை மட்டும் மறந்துடாதீங்க.