துள்ளுமாரியும் தடுப்பூசியும்

நோயில்லாத ஆட்டிற்கு ஊசி எதற்கு என்று வினவும் குடியானவர் பலர். புதுமழைக்குப் பின் இளம்புல்லை நிறைய மேய்ந்த கொழுத்த ஆடுகளே துள்ளுமாரியால் திடீரென வீழ்ந்து மாள்வதை அவர்கள் கருதிப் பார்த்தல் நலம்.

ஆட்டின் குடலிற் சிறிதளவு வாழும் கிளாஸ்டிரிடியம் பெர்பிரிஞ்சென்ஸ் 'டி' வகைக் கிருமி, தீவனம் திடீரென மாறி மிகுங்கால் அளவின்றிப் பெருகி, எப்சிலான் என்னும் விஷத்தை உண்டாக்குகின்றது. குடலிலுள்ள டிரிப்சின் என்னும் ஜீரணப் பொருளே அவ்விஷத்திற்கு முழு வீரியம் அளிக்கின்றது. இரத்தத்திற் கலந்த விஷத்தின் ஏழு மூலக்கூறுகள் ஒன்றுகூடி, உயிரணுவின் சவ்வில் ஒரு துவாரமிடுகின்றன. பொட்டாசியம் வெளியேற, சோடியம் உட்புக, அணு வீங்கி அழிகின்றது. மூளையும் சிறுநீரகமும் பெரிதும் கெடுகின்றன.

துவாரம் விழுந்தபின் மருந்து தேடுதல் பெரும்பாலும் பயனற்றது. சில மணி நேரத்திலேயே ஆடு இறந்துபடும். தடுப்பூசியோ, விஷம் சவ்வைப் பற்றுமுன் அதனைக் கட்டும் எதிர்ப்பொருளை இரத்தத்தில் ஆயத்தமாக வைக்கின்றது. ஆதலின் முதன்முறை சில வார இடைவெளியில் இருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் மழைக்கு முன்பும் ஊசி போடுவித்தல் வேண்டும்.

முதல் ஆடு மாண்டபின் மருத்துவரை அழைத்தல் காலங்கடந்த செயலாம். நிலமுடையோர் தம் மந்தைகளை முன்னரே கொணர்வதும், கிராம அதிகாரிகள் எளியோர் ஆடுகளும் விடுபடாமற் பார்ப்பதும் அவரவர் கடமையாகும்.