சட்டம் கைவிடும் வயதும் ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களும்



அரையாண்டுத் தேர்வு முடிந்திருந்த ஒரு நாள், மக்ரிப் தொழுகைக்குப் பின் ஒரு தந்தை நம்மைக் காண வந்தார். திருத்தணிக் கடைவீதியில் பழவண்டி வைத்துப் பிழைப்பவர். அவருடைய மகன் கே.ஜி.கண்டிகையில் நம்மிடம் மாலை மக்தபில் ஓதுகிறான். பகலில் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் 18 மதிப்பெண், அறிவியலில் 24. “ஹஜ்ரத், எட்டாவது வரைக்கும் எப்படியோ வந்துவிட்டான். இனிமேல் இவனுக்கு ஏறாது. தெரிந்தவர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். அங்கே விட்டுவிடலாம் என்று இருக்கிறேன், துஆ செய்யுங்கள்” என்றார்.

அவசரப்படாதீர்கள் என்றோம். அவர் தயங்காமல் பதில் சொன்னார்: “நீங்கள்தானே ஹஜ்ரத் பயானில் சொன்னீர்கள், பள்ளிக்கூடப் படிப்பெல்லாம் கப்ருக்கு வெளியே நின்றுவிடும் என்று.”

நமக்கு வாயடைத்துப் போயிற்று. அப்படிச் சொன்னது உண்மை. தொழுகையை மறந்து மதிப்பெண்ணின் பின்னால் மட்டுமே ஓடுவோரை எண்ணிச் சொன்னோம். ஆனால் அந்தச் சொல் போய்ச் சேர்ந்தது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்த தந்தையிடம். இந்தக் கட்டுரை முதலில் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் திருத்தம், பிறகே மற்றவர்களுக்கு.

ஒன்பதாம் வகுப்பைப் பற்றி ஒரு செய்தியை நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரைதான் பிள்ளையைப் பள்ளியில் பிடித்து வைக்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 14 வயது நிறைந்தவரை ஆபத்தான தொழில்களில் மட்டுமே தடுக்கிறது. இரண்டு சட்டங்களும் ஏறத்தாழ ஒரே வயதில் பிள்ளையின் கையை விட்டுவிடுகின்றன. அந்த வயதில் அவன் அமர்ந்திருக்கும் வகுப்பு ஒன்பது. பத்தாம் வகுப்புக்கு அரசுத் தேர்வு இருப்பதால் வீடே விழித்திருக்கும். ஒன்பதாம் வகுப்பை யாரும் கேட்பதில்லை. கேட்பாரற்ற இந்த ஓராண்டில்தான் பிள்ளை நழுவுகிறான். சட்டம் விட்ட கையைப் பிடிக்க வேண்டியவர்கள் பெற்றோரும் ஜமாஅத்தும் நாமும்தான்.

அந்தத் தந்தை சென்ற பிறகு, மாணவனிடம் அவனுடைய புத்தகங்களைக் கேட்டு வாங்கினோம். தமிழ்நாட்டில் 2018-19 கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்புக்குப் புதிதாக எழுதப்பட்டு வந்த பாடநூல்கள். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடங்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓதிக் கொடுக்கும் நாம், பிள்ளைகள் பகலெல்லாம் எதைப் படிக்கிறார்கள் என்று அதுவரை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

கணக்கில் ஒன்பது இயல்கள். அவற்றில் ஒன்று இயற்கணிதம். இக்கலைக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரே ‘அல்ஜப்ர்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி எழுதிய நூலே அதற்கு மூலம். அந்நூலின் பெரும்பகுதி எதைப் பற்றியது தெரியுமா? மரண சாசனங்களையும் வாரிசுப் பங்கீட்டையும் பற்றியது. சூரத்துன் நிஸாவின் பாகப்பிரிவினைச் சட்டங்களைச் சரியாக நிறைவேற்ற வேண்டுமானால் கணக்குத் தெரிந்தாக வேண்டும் என்று அன்றைய அறிஞர்கள் உணர்ந்திருந்தார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் இரண்டு மகள்களையும் விட்டு மரணிக்கிறார். கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சியதில் மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. மொத்தத்தை 32 பாகமாக்கினால் மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள்களுக்குத் தலா 7. பின்னம் அறிந்த பிள்ளைக்கு இது ஐந்து நிமிட வேலை. அறியாத வீட்டில் என்ன நடக்கிறது? “திருமணத்தில்தான் எல்லாம் செய்துவிட்டோமே” என்று சகோதரிகளின் பங்கு விழுங்கப்படுகிறது. கணக்கறியாமை அநீதிக்குத் திரையாகிறது.

முக்கோணவியல் என்று இன்னோர் இயல் உண்டு. ஏப்ரல் இறுதியில் ஒருமுறையும் ஆகஸ்ட் நடுவில் ஒருமுறையும் நம் வட்டாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டுவைத்த கம்புக்கு நிழலே இராது. அன்று பிற்பகலில் கம்பின் நிழல் கம்பின் நீளத்திற்குச் சமமாகும்போது ஷாஃபி மத்ஹபின்படி அஸர் நேரம் தொடங்குகிறது. சூரியன் 45 பாகை உயரத்தில் நிற்கும். 45 பாகையின் டேன்ஜெண்ட் மதிப்பு 1 என்று பாடநூல் சொல்வதும் அதே செய்திதான். நிழல் இருமடங்காகும்போது ஹனஃபி மத்ஹபின் அஸர்; அப்போது சூரியனின் உயரம் ஏறத்தாழ 26½ பாகை. மற்ற நாள்களில் நண்பகல் நிழலின் அளவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை அட்டவணை இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது என்று அந்த மாணவனிடம் சொன்னபோது, “இதைத்தான் ஸார் பலகையில் போட்டாரா ஹஜ்ரத்?” என்று வியந்து கேட்டான். பள்ளியில் கேட்டதையும் மக்தபில் கேட்டதையும் அவன் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தது அன்றுதான்.

அறிவியல் நூலில் ஒளி பற்றிய பாடத்தைக் கண்டதும் இப்னுல் ஹைஸம் நினைவுக்கு வந்தார். பஸராவில் 965ஆம் ஆண்டளவில் பிறந்து, ஒளியியலுக்கென்றே பெருநூல் எழுதியவர். ஊட்டச்சத்து பற்றிய பாடத்தில் உணவுக் கலப்படம் வருகிறது. ஹலாலானதை மட்டுமின்றித் தூய்மையானதையும் உண்ணுமாறு கட்டளையிடப்பட்ட சமுதாயத்துக்கு இது அந்நியப் பாடமா? சமூக அறிவியலில் பண்டைய எகிப்து வருகிறது; ஃபிர்அவ்னின் வரலாற்றை ஓதும் பிள்ளை அந்த நாட்டை வரைபடத்தில் காட்டத் தெரிந்திருக்க வேண்டாமா? இடைக்கால வரலாற்றில் இஸ்லாத்தின் எழுச்சி வருகிறது. பொருளியலில் பணமும் கடனும், இடம்பெயர்தலும் வருகின்றன. வட்டியின் கொடுமையை நாம் மிம்பரில் சொல்கிறோம். கடன் எப்படி இயங்குகிறது என்பதை அந்தப் புத்தகம் சொல்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வாரக்கடன் வாங்கும் தாயை மகன் எச்சரிக்க முடியும். குடிமையியலில் சாலைப் பாதுகாப்புக்கும் ஒரு பாடம் உண்டு. ஓட்டுநர் உரிமம் பெறும் வயது வராத மகனிடம் பைக் சாவியைக் கொடுக்கும் தந்தையர் அதைப் படிப்பது நல்லது.

தமிழ் நூலின் முதல் பாடம் திராவிட மொழிக்குடும்பம். நம் திருத்தணி, சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1960 ஏப்ரல் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்த ஊர். இன்றும் சந்தையில் தெலுங்கு ஒலிக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் உருதும், பள்ளியில் தமிழும், கடைவீதியில் தெலுங்கும், மக்தபில் அரபும் கேட்டு வளர்கிறார்கள். நான்கு மொழிகளுக்கு நடுவே வளரும் பிள்ளையைத்தான் “இவனுக்கு ஏறாது” என்கிறோம்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். எல்லாப் பாடமும் நம் நம்பிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று கேட்பீர்கள். இல்லைதான். வரலாற்று நூலின் முதல் பாடமே மனித இனத்தின் பரிணாமத்தைப் பேசுகிறது. ஆதம் (அலை) அவர்களின் வரலாற்றை ஓதும் பிள்ளை குழம்பக்கூடும். அதற்காகப் புத்தகத்தை மூடச் சொல்வது தீர்வாகாது. நூல் என்ன சொல்கிறது என்பதைப் பிள்ளை நன்றாகப் படித்து நேர்மையாகத் தேர்வெழுதட்டும். தன் கேள்வியைத் தந்தையிடமோ ஆலிமிடமோ அச்சமின்றிக் கொண்டு வரட்டும். “அதெல்லாம் கேட்கக் கூடாது” என்று அதட்டப்பட்ட பிள்ளை கேள்வியை விட்டுவிடுவதில்லை. நம்மிடம் கேட்பதைத்தான் விட்டுவிடுகிறான். இந்தக் குற்றத்தில் ஆசிரியர்களாகிய நமக்கும் பங்குண்டு.

நபி (ஸல்) அவர்களின் நடைமுறையைப் பாருங்கள். பத்ருப் போரின் கைதிகளில் மீட்புத்தொகை இல்லாத, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து விடுதலை பெற்றார்கள் என்று சீரா நூல்கள் கூறுகின்றன. அந்த ஆசிரியர்கள் ஈமான் கொண்டவர்கள் அல்லர். தீனைக் கற்பிக்க அவர்களால் இயலாது; எழுத்தைக் கற்பிக்க இயன்றது, அது வேண்டும் என்று கருதப்பட்டது. பதின்ம வயதினராக இருந்த ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபியவர்கள் பணித்தார்கள். பிற்காலத்தில் குர்ஆனை ஒன்றுதிரட்டும் மாபெரும் பொறுப்பு அதே இளைஞரிடம் வந்தது. உலகக் கல்வி, மார்க்கக் கல்வி என்று நாம் நடுவில் எழுப்பிய சுவரை அவருடைய வாழ்வில் காண முடியவில்லை.

அந்தத் தந்தையிடம் மறுநாள் நாமே சென்றோம். மெக்கானிக் தொழில் கண்ணியமான தொழில். அதைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. ஆனால் இரண்டு செய்திகளைச் சொன்னோம். பத்தாம் வகுப்பு தேறினால் ஐடிஐ-யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவிலேயே சேரலாம்; அதே தொழிலைச் சான்றிதழோடு செய்யலாம். நாளை வளைகுடா செல்ல எண்ணினால், பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட் பொதுவாக ஈசிஆர் வகையில் அமையும். குடியேற்ற அனுமதி பெற்றுத்தான் அந்நாடுகளுக்கு வேலைக்குப் போக முடியும். ஒன்பதில் நின்றவனுக்கு இரண்டு கதவுகளும் குறுகிவிடுகின்றன. நம் பழைய சொல்லையும் அவர் முன்னிலையில் திரும்பப் பெற்றோம். பயனுள்ள கல்வி கப்ருக்கு வெளியே நின்றுவிடுவதில்லை. மனிதன் மரணித்த பின்னும் நன்மை சேர்ப்பவற்றில் ஒன்றாக நபியவர்கள் எண்ணியது அதைத்தான்.

பெற்றோர்களிடம் நாம் கேட்பது அதிகமில்லை. வாரத்தில் ஒருநாள் இஷாவுக்குப் பின், மகனையோ மகளையோ ஏதேனும் ஒரு பாடத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பிள்ளைக்குத் தெம்பு. ஒன்பதாம் வகுப்போடு பெண்பிள்ளையை நிறுத்த எண்ணுபவர்கள், தமிழ் நூலில் உள்ள ‘கல்வியில் சிறந்த பெண்கள்’ என்ற பாடத்தை அவளையே படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பிறகு முடிவெடுங்கள். ஜமாஅத்தார், கல்லூரியில் பயிலும் நம் இளைஞர் ஒருவரை வாரத்தில் மூன்று மாலை கணக்குச் சொல்லித்தர அமர்த்துங்கள். மக்தப் ஆசிரியர்களாகிய நாம், தேர்வு நாள்களில் ஓதும் நேரத்தை அரை மணியாகக் குறைத்துக்கொள்வோம். நம் பயானில் பள்ளிக்கூடத்தைக் குறித்து வரும் ஒவ்வொரு சொல்லையும், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் களைத்த தந்தை ஒருவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று எண்ணிய பிறகே பேசுவோம்.

அந்த மாணவன் ஆண்டிறுதித் தேர்வில் கணக்கில் 41 பெற்றான். இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறான். விடுமுறை நாள்களில் மெக்கானிக் கடைக்கும் போய் வேடிக்கை பார்க்கிறான். நாளை என்னவாவான் என்பதை அல்லாஹ் அறிவான். நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியை அவன் வழங்குவானாக. ஆமீன்.