லாஸ்ட் பெஞ்ச் ஹிஸ்டரி: சிங்கத்தோட பேரன்கள்!



போன வாரம் எங்க ஹாஸ்டல்ல ஒரு ராத்திரி. மறுநாள் நியூமெரிக்கல் மெத்தட்ஸ் இன்டர்னல். காஸ்-சைடல் கணக்குல நாலாவது இட்டரேஷன் வரைக்கும் வந்து, கால்குலேட்டரைத் தப்பாத் தட்டி, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சு... ரூம்ல இருந்த ஆறு பேரும் நொந்து நூடுல்ஸ்! அப்ப ஒருத்தன் டாபிக்கை மாத்தினான். "எங்க கொள்ளுத்தாத்தா காலத்துல ஊர்ல பாதி நிலம் எங்களோடதுதான்டா!"

அவ்வளவுதான், பத்திக்கிச்சு. அடுத்தவன் வீட்டு வாசல்ல எந்நேரமும் ரெண்டு குதிரை நிக்குமாம். இன்னொருத்தன் தாத்தா தெருவுல வந்தா, எதிர்ல வர்றவங்க செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்குவாங்களாம். (இதை அவன் பெருமையாத்தான் சொன்னான்!)

என் டர்ன் வந்தது. எனக்கு எங்க தாத்தா பேர் தெரியும். அவரோட அப்பா பேர் தெரியாது. எங்க வீட்டுல முதல் பட்டதாரி நான்தான். அதுவும் அரியர் எல்லாம் க்ளியர் ஆனாத்தான்! "தூக்கம் வருதுடா"ன்னு சொல்லி போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டேன்.

தூக்கமா வரும்? 'நிஜமாவே பெரிய வம்சம்னா அது எப்படித்தான் இருக்கும்?'னு தேட ஆரம்பிச்சேன். வசமா மாட்டினார் ஒரு ஜெர்மன் பிரபு. பேர் ஹென்றி. பட்டப்பேர் 'சிங்கம்'!

சிங்க ஹென்றி பிறந்தது 1130-ஐ ஒட்டி. வெல்ஃப் என்கிற பழைய பிரபு குடும்பம். அம்மா வழித் தாத்தா மூன்றாம் லோத்தார், ஜெர்மானியப் பேரரசர். அப்பாவிடம் சாக்சனி, பவேரியா என்று இரண்டு பெரிய நாடுகள் இருந்தன. ஆனால், தாத்தாவுக்குப் பிறகு அரியணை ஏறினவர் இரண்டையும் பறித்துவிட, 1139-ல் அப்பாவும் இறந்துபோனார். பையனுக்கு அப்ப பத்து வயசு இருந்தாலே ஜாஸ்தி!

விட்டதை ஒவ்வொன்றாகப் பிடித்தார் ஹென்றி. 1142-ல் சாக்சனி வந்தது. 1156-ல் பவேரியாவும் வந்தது. கொடுத்தவர் பேரரசர் பிரெடரிக் பார்பரோசா. பார்பரோசான்னா 'செந்தாடி'. ஹென்றிக்கு அவர் சொந்த அத்தை பையன். நம்ம பாஷையில சொன்னா, மச்சான்!

மச்சான் தயவிருந்தா என்னவெல்லாம் நடக்கும்னு பாருங்க. இஸார் நதி மேல ஃப்ரைஸிங் பிஷப்புக்கு ஒரு பாலம் இருந்தது. உப்பு ஏத்திக்கிட்டு வர்ற வண்டிகள் அங்கே சுங்கம் கட்டிட்டுத்தான் போகணும். செம கலெக்‌ஷன்! ஹென்றி அந்தப் பாலத்தை அழித்துவிட்டு, கொஞ்ச தூரம் தள்ளித் தன் இடத்தில் ஒரு பாலம் போட்டார். கூடவே ஒரு சந்தை, ஒரு நாணயச் சாலை. பிஷப் நியாயம் கேட்டுப் பேரரசரிடம் போனார். அந்த பிஷப் யாரு? பார்பரோசாவுக்குச் சித்தப்பா! ஒரு பக்கம் சித்தப்பா, ஒரு பக்கம் மாமா பையன். 1158 ஜூன் 14 அன்று தீர்ப்பு: "பாலமும் சந்தையும் புது இடத்துலயே இருக்கட்டும். வருமானத்துல மூணுல ஒரு பங்கு பிஷப்புக்கு."

அந்தப் புது இடம் எது தெரியுமா? மியூனிக்! நம்ம பசங்க லேப்டாப் வால்பேப்பர்ல வெச்சிருக்கிற பி.எம்.டபிள்யூ காரோட ஹெட் ஆபீஸ் இருக்கிற அதே மியூனிக். இன்னிக்கும் அந்த ஊர் தன் பிறந்த நாளா எண்ணுறது அந்தத் தீர்ப்பு தேதியைத்தான்.

1159-ல் வடக்கே லூபெக் துறைமுக நகரத்தை மறுபடி எழுப்பினார். தலைநகரா வெச்சுக்கிட்டது பிரவுன்ஷ்வைக். (இந்த ஊர் பேரை ஓரமா நோட் பண்ணி வைங்க, கடைசியில வேலை இருக்கு!) அங்கே தன் கோட்டை முன்னால 1166 வாக்கில் ஒரு வெண்கலச் சிங்கத்தை நிறுத்தினார். 1168-ல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியின் மகள் மெடில்டாவைக் கல்யாணம் செய்தார். பொண்ணுக்கு சுமார் 12 வயசு. மாப்பிள்ளைக்கு நாற்பதை நெருங்கிக்கிட்டிருந்தது. கொடுமைதான்... அந்தக் காலத்து அரச கல்யாணம் அப்படி.

சீன் போடுறதுலயும் சிங்கம் குறை வைக்கலை. துறவிகளை வைத்து ஒரு நற்செய்திப் புத்தகம் தயாரித்தார். அதில் ஒரு ஓவியம்: வானத்திலிருந்து நீளும் கைகள் ஹென்றிக்கும் மெடில்டாவுக்கும் முடி சூட்டுகின்றன. இரண்டு பேருக்கும் பின்னால் அப்பா, அம்மா, பேரரசர் தாத்தா என்று சொந்தபந்தம் வரிசை கட்டி நிற்கிறது. அதாவது எங்க ஹாஸ்டல் ரூம்ல நடந்த அதே மேட்டர், தங்க மையில! 1983-ல் லண்டன் ஏலத்தில் அந்தப் புத்தகம் 81.4 லட்சம் பவுண்டுக்குப் போனது. 1994-ல் பில் கேட்ஸ் டாவின்சியின் கையெழுத்துப் பிரதியை வாங்குகிற வரைக்கும் உலகிலேயே விலை உயர்ந்த புத்தகம் இதுதான்.

இப்ப செகண்ட் ஹாஃப். 1176-ல் இத்தாலிய நகரங்களோடு மோதிக்கொண்டிருந்த பார்பரோசாவுக்குப் படை தேவைப்பட்டது. ஹென்றியிடம் கேட்டார். கெஞ்சிக் காலில்கூட விழுந்தார் என்று பிற்பாடு எழுதினவர்கள் சொல்கிறார்கள். "படை வேணுமா? வெள்ளிச் சுரங்கம் இருக்கிற கோஸ்லார் ஊரை எனக்குக் கொடு" என்றார் சிங்கம். பார்பரோசா மறுத்தார், படை வரவில்லை. அதே வருஷம் லென்யானோ போரில் பேரரசர் தோற்றார்.

அதோட மச்சான் பாசம் க்ளோஸ்! ஹென்றி மேல் மற்ற பிரபுக்கள் கொடுத்த புகார்களை எல்லாம் தூசு தட்டி எடுத்தார் பார்பரோசா. விசாரணைக்கு வா என்று ஒரு தடவை இல்லை, பல தடவை அழைப்பு போனது. சிங்கம் எதற்குமே போகவில்லை. கடைசியில அட்டென்டன்ஸ் ஷார்ட்டேஜ்லயே கதை முடிஞ்சுது! 1180-ல் சாக்சனியைத் துண்டு போட்டுப் பிரித்துக் கொடுத்தார்கள். பவேரியா விட்டல்ஸ்பாக் குடும்பத்துக்குப் போனது. 1918 வரை அங்கே அவர்கள் ராஜ்ஜியம்தான். ஹென்றிக்கு மிச்சம், பிரவுன்ஷ்வைக்கைச் சுற்றியிருந்த சொந்த நிலம் மட்டும். 1182-ல் பொண்டாட்டி, பிள்ளைகளோடு மாமனார் வீட்டில் அடைக்கலம். 1195 ஆகஸ்ட் 6 அன்று பிரவுன்ஷ்வைக்கில் இறந்தார்.

ஆள் அவுட். ஆனா வம்சம்?

மகன் ஓட்டோவுக்குத் தாய்மாமன் யார் தெரியுமா? சிலுவைப்போர் புகழ் 'சிங்க இதயம்' ரிச்சர்ட்! மாமன் கொடுத்த தெம்பில் ஓட்டோ 1198-ல் ஜெர்மன் மன்னர், 1209-ல் பேரரசர். 1214-ல் பூவீன் போரில் தோற்று, 1218-ல் வாரிசு இல்லாமல் இறந்தார். கடைசி மகன் வில்லியமுக்கு ஒரே பையன், அவர் பேரும் ஓட்டோதான். 1235-ல் அவருக்குப் பிரவுன்ஷ்வைக்-லூனெபர்க் கோமகன் பட்டம் கிடைத்தது. கொடுத்தவர் பேரரசர் இரண்டாம் பிரெடரிக், அதாவது பார்பரோசாவோட பேரன்! தாத்தா பிடுங்கியதில் ஒரு துண்டைப் பேரன் திருப்பிக் கொடுத்தார்.

அந்த ஓட்டோ வழியில் வந்தவர்தான் ஹனோவர் ஜார்ஜ். 1714-ல் இங்கிலாந்தில் ராணி ஆன் வாரிசில்லாமல் இறந்தபோது, இன்னும் நெருங்கிய சொந்தக்காரர்கள் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லோரும் கத்தோலிக்கர்கள். சட்டம் அவர்களை ஒதுக்கிவிட்டதால் ஜார்ஜுக்கு அடித்தது யோகம். அவர் வழியில் விக்டோரியா, அவர் வழியில் இன்றைய பிரிட்டன் மன்னர் மூன்றாம் சார்லஸ். ஸ்பெயின் மன்னர் ஆறாம் ஃபெலிப்பேயும் இதே மரத்தின் கிளைதான். அட, விக்டோரியாவின் பேரன் ஐந்தாம் ஜார்ஜ் பெயரில்தானே நம்ம சென்னை ஜார்ஜ் டவுனே இருக்கு!

'சூப்பர் வம்சம்டா'ன்னு வாயைப் பிளக்கிறீங்களா? இருங்க, இன்னொரு ஆளைப் பார்த்துட்டு வருவோம்.

பேர் நிக்லாட். பால்டிக் கடலோரம் வாழ்ந்த ஸ்லாவ் மக்களின் தலைவர். அந்த மண்ணுக்காக 1160-ல் ஹென்றி படையெடுத்தபோது நிக்லாட் கொல்லப்பட்டார். 1164-ல் அவரோட மகன் ஒருவரை ஹென்றி தூக்கில் போட்டார். இன்னொரு மகன் பிரிபிஸ்லாவுக்கு 1167-ல் நிலத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்து சமாதானமானார். அந்த பிரிபிஸ்லாவின் மகன் கட்டிக்கொண்டது யாரை? ஹென்றிக்குக் கல்யாணத்துக்கு வெளியே பிறந்த மகளை! அவர்கள் வம்சம்தான் மெக்லன்பர்க்கை 1918 வரை ஆண்டது. அந்த வீட்டுப் பெண் சார்லட்டை 1761-ல் பிரிட்டன் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மணந்தார். அவர்களின் பேத்திதான் விக்டோரியா.

புரியுதா மக்களே? விக்டோரியா உடம்பில் ஓடினது வெட்டினவன் ரத்தமும்தான், வெட்டுப்பட்டவன் ரத்தமும்தான். இதுல எந்தப் பக்கத்துக்குக் காலரைத் தூக்கி விடுறது?

கணக்கும் இதையேதான் சொல்லுது. அப்பா-அம்மா 2 பேர், தாத்தா-பாட்டி 4 பேர். தலைமுறைக்கு 30 வருஷம்னு வெச்சா, ஹென்றி காலத்துக்குப் போக சுமார் 28 தலைமுறை. 2-ஐ 28 தடவை பெருக்குங்க... 26 கோடியே 84 லட்சம் வரும். அன்றைய ஐரோப்பாவின் மொத்த ஜனத்தொகையே அதைவிட ரொம்பக் கம்மி! அப்ப ஒரே ஆளு மரத்துல நூறு இடத்துல வந்து உட்காரணும். மன்னர் சார்லஸோட மரத்துலயும் சிங்கத்துக்கு ஒரு சீட்தான்... பக்கத்து சீட்டுகள்ல குதிரை லாயம் கூட்டினவரும் இருந்திருப்பார். என்ன, அவர் பேரைத் தங்க மையில எழுத ஆள் இல்லை.

சரி, பிரவுன்ஷ்வைக்கை நோட் பண்ணச் சொன்னேனே... 1777-ல் அங்கே ஒரு ஏழை வீட்டில் ஒரு பையன் பிறந்தான். அப்பாவுக்குக் கொத்து வேலை, தோட்ட வேலை. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பையன் கணக்கில் புலி. 14 வயதில் ஊர்க் கோமகன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்தக் கோமகன் கார்ல் வில்ஹெல்ம் ஃபெர்டினாண்ட், நம்ம சிங்க ஹென்றியின் நேர் வாரிசு. பையன் படிப்புச் செலவை அவர் ஏற்றுக்கொண்டார். பையன் மேல்படிப்புக்குப் போன கோட்டிங்கன் பல்கலைக்கழகம்கூட அதே வம்சத்து இரண்டாம் ஜார்ஜ் தொடங்கினதுதான்.

அந்தப் பையன் பேர் கார்ல் ஃப்ரீட்ரிஷ் காஸ். ஆமா பாஸ், காஸ்-சைடல்ல வர்ற அதே காஸ்! அவர் வீட்டுலயும் அவர்தான் முதல் பட்டதாரி. 1801-ல் வந்த தன் எண்கணிதப் புத்தகத்தை அவர் சமர்ப்பணம் செய்தது அந்தக் கோமகனுக்குத்தான்.

எண்ணூறு வருஷத்து சிங்க வம்சத்துல எனக்குப் பிடிச்ச ஆள் பேரரசர் ஓட்டோ இல்லை, விக்டோரியாவும் இல்லை. கொத்தனார் பையனுக்கு ஃபீஸ் கட்டின அந்தக் கோமகன்தான்.

இதையெல்லாம் மறுநாள் ராத்திரி ரூம்ல சொன்னேன். செருப்புத் தாத்தாவோட பேரன் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவா, "டேய், எதிர்ல வந்தவங்கள்ல உங்க தாத்தாவும் இருந்திருப்பாரோ?"ன்னு கேட்டான். "தெரியலைடா"ன்னேன். நிஜமாவே தெரியாதுதான்.

இந்த வாரம் ஊருக்குப் போறப்போ ஒரு நோட்டு எடுத்துட்டுப் போறேன். அப்பாகிட்ட கேட்டு, அவங்க தாத்தா பேரையாவது எழுதி வெச்சுக்கணும். பெருமையடிக்க இல்லை... அவரும் இருந்தார்ங்கிறதுக்காக.

நீங்களும் கேட்டுப் பாருங்க. அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!