விட்ட மீன்களின் கணக்கு

இலையுதிர்காலம், படகு, நண்பர்கள், வரியோடிய பாஸ் மீன். நியூயார்க்கின் மோன்டாக் முனையைப் பற்றிய கட்டுரைகளில் இவை சேர்ந்ததும் ஒரு புனிதம் வந்துவிடுகிறது. ‘பிடித்தோம், விட்டுவிட்டோம்’ என்பது அதற்கு முத்திரை. அந்த முத்திரையோடுதான் எனக்குச் சண்டை.

குளிருக்கு முன் தெற்கே இறங்கும் இம்மீன்கள் வெறிகொண்டு இரை தேடுபவை. தூண்டிலில் எளிதில் சிக்கும். 1980களில் இவ்வினம் சரிந்து, மேரிலாந்து மாநிலம் 1985 முதல் 1990 வரை பிடிப்பதையே தடை செய்திருந்தது. மீண்ட இனம் மறுபடியும் சரிந்தது. 2023இல் கடலில் ஒருவர் நாளொன்றுக்கு 28 முதல் 31 அங்குலம் வரையுள்ள ஒரு மீனை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்று விதி வந்தது. மற்றவற்றை விட்டாக வேண்டும். விடப்படுபவற்றில் நூற்றுக்கு 9 செத்துவிடும் என்பது மீன்வள ஆணையத்தின் மதிப்பீடு. 2020இல், பொழுதுபோக்காகப் பிடிப்போர் வைத்துக்கொண்டவற்றைவிட, விட்டபின் செத்தவையே அதிகம்.

ஆக, ஒரு பகலில் நாற்பது மீன் பிடித்து அத்தனையையும் விட்ட படகு, மூன்று நான்கைக் கொன்றிருக்கும். இரண்டோடு கரைக்குத் திரும்பியவர்கள் அதற்கும் குறைவாகத்தான் கொன்றார்கள். அவர்களாவது தின்றார்கள்! (நாற்பதின் புகைப்படங்களுக்காக மீன்கள் மூச்சின்றித் தொங்கிய நேரம் தனிக் கதை.)

தோழமையை நான் பழிக்கவில்லை, எண்ணிக்கையைத்தான் பழிக்கிறேன். இரண்டாவது மீனுக்குப் பின் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு, அதே படகில் அதே நண்பர்களோடு பேசிக்கொண்டிருக்க என்ன தடை?