கொதிகல்லுக்குத் தமிழ் போதாதாம்!

தமிழில் சோறு கேட்கலாம், பாட்டுப் பாடலாம். அறிவியல் மட்டும் சொல்லவியலாது என்று உரைப்பார் இன்னும் ஒழிந்தாரில்லர். மாழை அணைவுகள் நுண்துளைக் கனிமத்துள் அடைபடுங்கால் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை ஆங்கிலமின்றி விளக்கிக் காட்டுக என அறைகூவுவதும் அவர்தம் வழக்கம். காட்டினாற் போயிற்று.

1756-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுக் கனிமவியலார் கிரான்சுடெட்டு ஒரு கல்லை ஊதுகுழல் தீயிற் காய்ச்சினார். அது நீராவி கக்கி நுரைத்தது. கொதித்தல், கல் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைக் கூட்டிச் 'சியோலைட்டு' என்றார். கண்டதையே பெயராக்கினார், அவ்வளவே. தமிழில் அது கொதிகல். இச்சொல்லைக் கேட்டு நகைப்பவர், கிரேக்கத்தில் அதே பொருளைக் கேட்டுக் கைகட்டி நிற்பது ஏனோ?

செஞ்சி மலையின் பாறை இறுகிய பாறை. கொதிகல்லோ சிலிக்கனும் அலுமினியமும் உயிர்வளியும் கோத்த சட்டகம். உள்ளெல்லாம் அறையும் வாயிலுமாய் அமைந்தது. ஒய் வகை எனப்படும் செயற்கைக் கொதிகல்லில் அறையின் அகலம் ஏறத்தாழ 1.3 நானோமீட்டர்; வாயிலின் அகலம் 0.74 மட்டுமே. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலக்கமாய்ப் பகுத்த பங்கே ஒரு நானோமீட்டர்.

அச்சுமைக்கு நீலம் தரும் செம்புத் தாலோசயனின் அணைவு அவ்வாயிலில் நுழையாது. ஆகவே செம்பை முதலில் உள்ளே செலுத்தி, ஈனியின் சிறு துண்டுகளைத் தனித்தனியே புகவிட்டு, உள்ளேயே இணைக்கின்றனர். குறுவாயிற் கொட்டகைக்குள் மரங்களைக் கொண்டுபோய்த் தேர் கட்டுவது போன்றதே இது. கட்டிய தேர் வெளிவராது.

அடைபட்டபின் அணைவின் இயல்பே மாறுகின்றது. தட்டையாய் இருந்தது சுவர் நெருக்குதலால் வளைகின்றது. அதனால் மின்னணுக்களின் பரவலும், உறிஞ்சும் ஒளியும், வினைத்திறனும் வேறாகின்றன. கரைசலிலுள்ள கோபால்ட்டு அணைவுகள் இரண்டு சேர்ந்து ஓர் உயிர்வளி மூலக்கூற்றைக் கவ்விக்கொள்ளும். 1986-இல் எரான் என்னும் ஆய்வாளர் அத்தகைய அணைவைக் கொதிகல்லறையுள் கட்டினார். ஆங்கே ஒன்றையொன்று நெருங்க வழியில்லை. ஒவ்வோர் அணைவும் தனித்து நின்றே உயிர்வளியை ஏற்றது. குருதியில் உயிர்வளி சுமக்கும் இரும்பும் இவ்வாறே புரத மடிப்புள் ஒடுங்கியிருத்தலாற்றான் தன் தொழிலை இழவாதிருக்கின்றது. அடைப்பு எப்போதும் நன்மையே என்பதும் அன்று. அறைகள் மிகுதியாய் நிரம்பிவிடின், வினைப்படுபொருள் உட்புக வழியின்றி வினை குன்றும்.

இவ்வளவும் தமிழிற்றான் சொல்லப்பட்டது. எவ்விடத்தில் மொழி முடம்பட்டது?

இத்துறையில் தமிழர்க்குத் தொடர்பில்லை என்றும் சொல்ல முடியாது. சென்னை இலயோலாக் கல்லூரியிற் பயின்ற பால் இரத்தினசாமி, 1995 முதல் 2002 வரை புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராயிருந்தவர். அவரும் அவர்தம் குழுவினரும் செம்புத் தாலோசயனினைக் கொதிகல்லுள் அடைத்து, உயிர்வளியேற்ற வினைகளுக்கு ஊக்கியாக 1990-களில் ஆய்ந்தனர். உலகோர் படிக்க ஆங்கிலத்தில் எழுதியது அவர் குற்றமன்று. அதனைத் தமிழ் மாணவர்க்குத் தமிழில் ஈந்திருக்க வேண்டிய கடன் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுடையது.

செஞ்சியை அடுத்த அனந்தபுரத்தில் தமிழ்வழி படிக்கும் மாணவன், அணைவு, ஈனி, வினையூக்கி என்னும் சொற்களைப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே கற்றுத் தேர்கின்றான். வேதியியல் படிக்கக் கல்லூரி புகுந்தவுடன் அவையெல்லாம் வேண்டா என்கின்றனர். கற்ற கல்வியை வாயிலிற் கழற்றிவிட்டு வர, அதுவென்ன செருப்பா? புரியாத மொழியில் முதலாண்டைக் கழித்துத் தோற்றவனைப் பார்த்து, நாட்டுப்புறத்தானுக்கு வேதியியல் வராது என்கின்றனர். வராமற் செய்தவர் எவர்?

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் கிரீன், தமிழரைத் துணைக்கொண்டு வேதியியலைத் தமிழ் நூலாக்கினார். 'கெமிசுதம்' என்னும் அந்நூல் 1875-இல் வெளிவந்தது. பெயர் தமிழன்று, ஆயினும் அயல்நாட்டார்க்கு அந்நாளிலேயே துணிவிருந்தது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பட்ட வகுப்பின் மூன்றாண்டு வேதியியல் முழுமைக்கும் தமிழ்நூல் எழுதுவிக்கட்டும். அதனைத் தமிழிற் கற்பிக்கும் ஆசிரியரைச் செஞ்சி வட்டாரக் கல்லூரிகளுக்கே முதலில் அனுப்பட்டும்.