பத்து ஆறுகள் என்ற ஒரு வரி

உலகக் கடல்களில் கலக்கும் பிளாஸ்டிக்கில் 90 சதவீதம் பத்தே பத்து ஆறுகளின் வழியாக வருகிறது என்றொரு தகவல் சில ஆண்டுகளாக உலவிக்கொண்டிருக்கிறது. அந்தப் பத்தில் எட்டு ஆறுகள் ஆசியாவிலும் இரண்டு ஆப்பிரிக்காவிலும் ஓடுகின்றன. கங்கையும் சிந்துவும் அவற்றில் உண்டு. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ‘கடல் மாசு’ பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தால், இணையத்தில் முதலில் கையில் சிக்கக்கூடிய வரிகளில் இதுவும் ஒன்று. முன்னுரைக்கு அடுத்த உட்தலைப்பில் அதை அவள் எழுதிவிடுவாள், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால், அந்த வரி தவறு. அது எங்கே தவறியது என்று தேடிப் போகும் வழியில்தான் சிந்திக்கும் பயிற்சியும் ஆராயும் பயிற்சியும் இருக்கின்றன. பருவநிலை மாற்றம், கடல் மாசு, அகதிகள், கொள்ளைநோய் என்று உலகப் பிரச்சினைகளைப் பாடப்புத்தகத்தில் வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போவதால் மாணவர்களின் சிந்தனை கூர்மையாகிவிடாது. ஒரே ஒரு பிரச்சினையை எடுத்து, அதில் சொல்லப்படும் ஒரு கூற்றை அது பிறந்த இடம்வரை பின்தொடர வைத்தால் கூர்மையாகும் என்பதே என் வாதம்.

அந்த மாணவியோடு சேர்ந்து நாமும் பின்தொடர்ந்து பார்க்கலாம். தகவலின் மூலம், ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுற்றுச்சூழல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஷ்மிட்டும் அவருடைய சகாக்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு. ஆறுகள் கடலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பிளாஸ்டிக்கில் 88 முதல் 95 சதவீதம் பத்து ஆறுகளைச் சேர்ந்தது என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். ‘ஆறுகள் கொண்டுபோய்ச் சேர்க்கும்’ என்ற மூன்று சொற்கள் வழியில் உதிர்ந்துபோயின. ஆறுகள் சேர்ப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் டன்னிலிருந்து 40 லட்சம் டன்வரை என்பது அவர்கள் கணக்கு. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு ஜெனா ஜாம்பெக் தலைமையிலான குழு, 192 கடலோர நாடுகளின் நிலப்பகுதியிலிருந்து 2010-ல் மட்டும் 48 லட்சம் முதல் 127 லட்சம் டன் பிளாஸ்டிக் கடலுக்குப் போயிருக்கும் என்று கணித்திருந்தது. ஆக, ஆறு என்பது பிளாஸ்டிக் கடலுக்குப் போகும் பல வழிகளில் ஒன்று மட்டுமே. கடற்கரையிலிருந்து நேராகப் போகிறது, படகிலிருந்து போகிறது. பசிபிக் பெருங்கடலில் மிதக்கும் மாபெரும் குப்பைப் பரப்பை ஆராய்ந்தவர்கள், அதன் எடையில் 46 சதவீதம் மீன்பிடி வலைகள் என்று 2018-ல் எழுதினார்கள். இதெல்லாம் பத்து ஆறுகளின் கணக்கில் வராது. பிறகு 2021-ல் வேறொரு குழு, கூடுதல் விவரங்களோடு புதிய கணக்கைப் போட்டது. ஆறுகள் வழியாகப் போகும் பிளாஸ்டிக்கில் 80 சதவீதத்துக்குக் காரணம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள் என்றும், கண்டத்தைக் கடக்கும் பேராறுகளைவிட நகரங்களுக்குள் ஓடும் சிற்றாறுகளே பல இடங்களில் மோசம் என்றும் அது சொன்னது. அந்தப் பட்டியலில் முதலிடம் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவின் பாசிக் ஆற்றுக்கு. அதன் நீளம் வெறும் 25 கிலோமீட்டர் அளவுதான். பத்து என்றிருந்தது நான்கே ஆண்டுகளில் ஆயிரம் ஆகிவிட்டது.

இந்த நாலைந்து எட்டுகளில் மாணவி என்னவெல்லாம் கற்கிறாள் என்று பாருங்கள். சதவீதம் என்றால் ‘எதில் சதவீதம்’ என்று கேட்கக் கற்கிறாள். ஷ்மிட் குழுவின் 4 லட்சத்துக்கும் 40 லட்சத்துக்கும் இடையே இவ்வளவு இடைவெளி ஏன் என்று யோசிக்கும்போது, உலகத்து ஆறுகள் எல்லாவற்றிலும் யாரும் வலை போட்டு எண்ணவில்லை, சில ஆறுகளில் அளந்ததை வைத்து மற்றவற்றுக்குக் கணக்கு போடுகிறார்கள் என்பது விளங்குகிறது. புதிய ஆய்வு பழையதைத் திருத்துவது அறிவியலின் தோல்வி இல்லை, அதன் இயல்பே அதுதான் என்பதும் பிடிபடுகிறது. இன்னும் ஓர் எட்டு உண்டு. 2021 ஆய்வை எழுதியவர்களில் சிலர், ‘தி ஓஷன் கிளீன்அப்’ என்ற நெதர்லாந்து அமைப்பைச் சேர்ந்தவர்கள். ஆறுகளில் குப்பையைத் தடுத்து அள்ளும் இயந்திரங்களை நிறுவுவது அந்த அமைப்பின் வேலைகளில் ஒன்று. அப்படியானால் ஆய்வு பொய்யா? பொய் என்று சொல்ல அது மட்டும் போதாது. ஆனால், கணக்கிட்ட முறையைக் கூடுதல் கவனத்தோடு பார்க்கவும், வேறு யாராவது சரிபார்த்திருக்கிறார்களா என்று தேடவும் அது போதுமான காரணம். ‘இவருக்கு இதில் என்ன அக்கறை’ என்ற கேள்வியை ஒருவரை மறுக்கும் ஆயுதமாக எடுக்காமல் சரிபார்க்கும் தூண்டுதலாக எடுத்துக்கொள்வது நுட்பமான பண்பு. பெரியவர்களான நமக்கே பல நேரங்களில் அது கைகூடுவதில்லை. கடைசியாக நீதி பற்றிய கேள்வியும் வருகிறது. பணக்கார நாடுகள் பல ஆண்டுகளாகத் தங்கள் பிளாஸ்டிக் கழிவைக் கப்பலேற்றி சீனாவுக்கு அனுப்பின. 2018 தொடக்கத்தில் சீனா கதவை அடைத்தபோது அந்தக் கழிவு தென்கிழக்கு ஆசியத் துறைமுகங்களை நோக்கித் திரும்பியது. எனில், ஆசிய ஆற்றில் மிதக்கும் பை யாருடைய குப்பை? இதற்கு விடைக்குறிப்பு கிடையாது. விவாதிக்கத்தான் முடியும், ஆனால் இப்போது அந்த விவாதம் தரவுகளின் மேல் நின்று நடக்கும்.

இந்தத் திறன் வயதும் படிப்பும் கூடக்கூடத் தானாக வந்துவிடும் என்று நம்புவோர் உண்டு. சான்றுகள் வேறு கதை சொல்கின்றன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று 3,446 உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சோதித்து 2019-ல் அறிக்கை வெளியிட்டது. பருவநிலை மாற்றம் பற்றிப் பேசும் ஓர் இணையதளம் அவர்களுக்குக் காட்டப்பட்டது. அதற்கு எரிபொருள் துறையோடு தொடர்பு இருந்தது. இணையத்தில் தேடிப் பார்க்கவும் அனுமதி உண்டு. அப்படியிருந்தும் 96 சதவீதம் பேர் அந்தத் தொடர்பு தளத்தின் நம்பகத்தன்மையைப் பாதிக்குமா என்று யோசிக்கவேயில்லை. அதே குழுவின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் அதற்கு முன்பு செய்த ஆய்வு இன்னும் சுவையானது. வரலாற்றாய்வாளர்கள் பத்துப் பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள் பத்துப் பேர். மூன்று தரப்பிடமும் பெயர் ஏறத்தாழ ஒன்றாக ஒலிக்கும் இரண்டு குழந்தைநல மருத்துவர் அமைப்புகளின் தளங்களைக் கொடுத்தார்கள். ஒன்று பல்லாயிரம் உறுப்பினர்களைக் கொண்ட பழைய அமைப்பு. மற்றது அதிலிருந்து பிரிந்துபோன சிறு குழு. மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவை நம்பினார்கள். வரலாற்றாய்வாளர்களிலேயே பாதிப் பேர் தடுமாறினார்கள். இரு தரப்பும் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாகக் கருத்தூன்றி வாசித்தன. சரிபார்ப்பாளர்களோ சில வினாடிகளில் அந்தப் பக்கத்தைவிட்டு வெளியேறி, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்துப் பக்கங்களில் தேடினார்கள். கொடுத்ததை ஊன்றிப் படி என்று காலங்காலமாகச் சொல்லிவந்த நமக்கு இது உறைக்க வேண்டும். ஊன்றிப் படிப்பதற்கு முன், இது ஊன்றிப் படிக்கத் தகுந்ததா என்று பார்ப்பது தனித் திறன். அதைச் சொல்லிக் கொடுத்தால்தான் வரும்.

நம் பக்கம் வருவோம். மாணவர்களின் திறனை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் பிசா தேர்வின் 2009 சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் இந்தியாவின் சார்பில் பங்கேற்றன. 74 நாடுகள், பகுதிகளின் வரிசையில் இரண்டும் கடைசிக்கு அருகே நின்றன. கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி இந்தியா அடுத்த சுற்றுகளில் விலகி நின்றது. அந்தக் குறையில் ஓரளவு நியாயமும் இருக்கலாம். ஆனால், படித்ததைப் புதிய இடத்தில் பயன்படுத்தச் சொல்லும் கேள்விகளில் நம் பிள்ளைகள் திணறியதற்கு அது மட்டுமே காரணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. பயிற்சிக்கான இடம் நம் திட்டத்தில் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. முப்பருவ முறையில், வகுப்பறையிலேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்குக் கொடுத்த 40 மதிப்பெண்ணில் ஒரு பகுதி மாணவர் தேடிச் செய்யும் வேலைக்கானதுதான். நடைமுறையில் அது ஸ்டேஷனரி கடையில் வாங்கிய படத்தைச் சார்ட்டில் ஒட்டும் வேலையாகச் சுருங்கிய இடங்கள் ஏராளம். அந்தச் செலவைச் சுமப்பவர்கள் பெற்றோர். படிப்பு அதில் எதுவுமில்லை. மறுபுறம், 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பத்து வயதுப் பிள்ளைகள்கூடத் தங்கள் ஊரின் குளத்தையும் குப்பையையும் அளந்து அறிக்கை எழுதுகிறார்கள். நம் மாணவர்களால் முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அது ஆர்வமுள்ள சிலருக்கான போட்டியாக நின்றுவிடாமல் வகுப்பறைக்குள் வர வேண்டும் என்பதுதான் கேட்கிறேன்.

எதிர்வாதங்களில் வலுவானது உளவியலாளர் டேனியல் வில்லிங்ஹாமுடையது. ஒரு துறையின் அறிவு இல்லாமல் அந்தத் துறையில் விமர்சனமாகச் சிந்திக்க முடியாது, சிந்தனையைத் தனிப் பயிற்சியாகக் கற்றுத்தரலாம் என்பது மாயை என்று அவர் 2007-லேயே எழுதினார். அவர் சொல்வது சரி. அதனால்தான் பத்துத் தலைப்புகள் வேண்டாம், ஒன்று போதும் என்கிறேன். ஒரு பருவம் முழுக்கக் கடல் பிளாஸ்டிக்கோடு வாழும் மாணவருக்கு வேதியியலும் புவியியலும் வணிகமும் சேர்ந்தே வரும். அந்த அறிவின் மேல்தான் கேள்வி முளைக்கும். பாடம் முடிக்கவே நேரமில்லை, இதற்கு எங்கே போவது என்பது ஆசிரியர்களின் நியாயமான கவலை. இணையத் தகவலைச் சரிபார்க்கக் கற்றுத்தந்து, அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 499 மாணவர்களோடு நடந்த கள ஆய்வு 2022-ல் வெளியானது. ஐம்பது நிமிட வகுப்புகள் ஆறே ஆறு. அவற்றைப் பெற்றவர்கள் பெறாதவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். பெரிய பாய்ச்சல் இல்லை என்றாலும் ஆறு பாடவேளைக்கு அது நல்ல விளைச்சல். எல்லாவற்றையும் சந்தேகிக்கப் பழக்கினால் பிள்ளைகள் எதையும் நம்பாதவர்களாகிவிடுவார்கள் என்ற அச்சமும் உண்டு. ‘எல்லாரும் பொய் சொல்கிறார்கள்’ என்பவருக்குத் தேட வேண்டிய உழைப்பே இல்லை. ஆனால், இந்தப் பயிற்சியின் முடிவில் மாணவி, 2017 ஆய்வைவிட 2021 ஆய்வை ஏன் கூடுதலாக நம்பலாம், எந்த அளவுக்கு நம்பலாம் என்று எழுத வேண்டியிருக்கும். நம்பிக்கையை அளந்து வைக்கும் பழக்கம் அது.

எனக்கு உண்மையிலேயே கனமாகப்படும் தடை மொழி. நான் சொன்ன ஆய்வுகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஊற்றுவரை போ என்று தமிழ்வழி மாணவியிடம் சொல்லிவிட்டு, ஊற்றை வேறு மொழியில் பூட்டி வைத்தால் அது அநீதி. வசதியுள்ள பள்ளிகளின் பிள்ளைகளுக்கு மட்டும் ஆராய்ச்சி, மற்றவர்களுக்குச் சுருக்கம் என்றாகிவிடும். கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுக்கொள்ளட்டும் என்பது தீர்வாகாது. இணையத்தில் பரவிய தவறான வரியை அதுவும் நம்பிக்கையோடு திருப்பிச் சொல்லிவிடக்கூடும். ஆண்டுக்கு ஒரு பிரச்சினை, அதற்கு ஐந்தாறு மூல ஆய்வுகள், ஒவ்வொன்றுக்கும் அளவீட்டு முறையும் பிழை வரம்பும் விடுபடாமல் இரண்டு பக்கத் தமிழாக்கம். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தால் இதைச் செய்ய முடியாதா? பாடநூல்கள் முழுவதையும் உருவாக்கும் நிறுவனத்துக்கு இது சிறிய வேலை.

தொலைதூர ஆறுகள் எதற்கு, உள்ளூரைப் படித்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு, நகரத்துச் சிற்றாறுகளே முக்கியம் என்ற அந்த 2021 முடிவையே விடையாகத் தருகிறேன். அதை வாசித்த சென்னை மாணவிக்கு அடுத்த கேள்வி அடையாறும் கூவமும்தான். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களின் ஒரு பட்டியலுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. அப்படியானால் முகத்துவாரத்தில் நூறு அடி நீளக் கரையில் இன்று கிடப்பவற்றில் எத்தனை தடைப் பட்டியலில் உள்ளவை, எத்தனை பட்டியலில் இல்லாத உறைகள்? நான்கு மாணவர்கள், ஒரு கயிறு, ஒரு நோட்டு, இரண்டு சனிக்கிழமைகள் இருந்தால் எண்ணிவிடலாம். மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை எண்ணினால் இரண்டு எண்களும் ஏன் வேறுபடுகின்றன என்ற கேள்வி வரும். நான்கு பேரும் ஒரே கரையைத் தனித்தனியே எண்ணிப் பார்த்தால் அளவீடுகள் ஒரே எண்ணாக வராமல் ஏன் இடைவெளியோடு வருகின்றன என்பதும் புரிந்துவிடும். பொதுத்தேர்வு வினாத்தாளிலும் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி வரட்டும். ஒரு செய்தி வரியையும் அதன் மூல ஆய்விலிருந்து ஒரு பத்தியையும் அருகருகே அச்சிட்டு, இரண்டுக்கும் நடுவே என்ன உதிர்ந்துபோனது என்று கேட்கட்டும்.